எழுதாத காசோலைக்கு ஏது கணக்கு?

ஒரு நிறுவனம் சரக்கு கொடுத்தவருக்கு 80,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தால், பேரேட்டில் அது இரண்டு இடங்களில் ஏறும்: அவருடைய கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. அதே நிறுவனத்தின் மேசை இழுப்பறையில், இயக்குநர் கையெழுத்து மட்டும் போட்டுவைத்த, பெயரும் தொகையும் எழுதாத ஒரு காசோலைத் தாள் கிடந்தால் பேரேட்டில் எத்தனை இடங்களில் ஏறும்? ஓரிடத்திலும் ஏறாது. 1494-ல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் லூக்கா பாச்சோலி விளக்கிய இரட்டைப் பதிவு முறை, நடந்துவிட்ட கொடுக்கல் வாங்கலைத்தான் பார்க்கும், நடக்கக்கூடியதைப் பார்க்காது. பெரும்பாலான பொருட்களுக்கு இந்தப் பார்வையே போதும். காசோலைப் புத்தகத்துக்குப் போதாது. கணக்கு மென்பொருளில் ‘செக் புக்’ என்று ஒரு தனிப் பகுதி இருப்பதை, காசோலையை அழகாக அச்சிட்டுத் தரும் வசதி என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பகுதி செய்யும் வேலை வேறு. பேரேட்டின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது கணக்கில் வைக்கிறது. அப்படி ஒரு கணக்கு ஏன் வேண்டும், எங்கே அது தவறுகிறது என்பதற்கு இந்திய நடைமுறையிலேயே நல்ல சான்றுகள் கிடைக்கின்றன.

ஒரு காசோலைத் தாளை அடக்கவிலையில் மதிப்பிட்டால் சில ரூபாய் தேறும். அது செய்யக்கூடிய சேதத்தில் மதிப்பிட்டால், கணக்கில் உள்ள மொத்த இருப்பும் அதன் மதிப்புதான். விலை இல்லாத, ஆனால் பணத்தை வெளியேற்றும் வலிமை கொண்ட காகிதங்களை மதிப்பால் கட்டுப்படுத்த முடியாது, எண்ணால்தான் முடியும் என்பதை மனிதர்கள் வெகுகாலமாகவே அறிந்திருக்கிறார்கள். கையால் சீட்டுக் கிழித்துக் கொடுத்த காலத்துப் பேருந்து நடத்துநரை நினைத்துப்பாருங்கள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒவ்வொரு சீட்டுக் கட்டின் நடப்பு எண்ணையும் தாளில் குறித்துக்கொள்வார். வழியில் ஏறும் பரிசோதகர் முதலில் கேட்பது பணப்பையை அல்ல, அந்தத் தாளை. கிழித்த சீட்டு எத்தனை என்பது எண்ணின் வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும். பணம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். காசோலைக்கும் இதே தர்க்கம்தான். ஒரே வேறுபாடு, இங்கே ஒரு தாள் காணாமல் போனால் போவது ஒரு பயணச்சீட்டின் விலை அல்ல.

எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்தியக் காசோலையின் அடியில் காந்த மையில் அச்சிட்ட ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. இடமிருந்து முதலில் ஆறு இலக்கக் காசோலை எண். அடுத்து ஒன்பது இலக்கங்கள்: ஊருக்கு மூன்று (சென்னைக்கு 600, அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எண்களேதான்), வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. பிறகு கணக்கைக் குறிக்கும் எண். கடைசியாக, எந்த வகைக் காசோலை என்று சொல்லும் இரண்டு இலக்கம். எழுத்துகள் வினோதமாகத் தடித்தும் மெலிந்தும் இருப்பதற்குக் காரணம், கண் அல்ல, காந்தத்தை உணரும் இயந்திரம் அவற்றைப் படிக்க வேண்டும் என்பது. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் வெற்றுத் தாளை வாங்கி, காந்தப் பொடி கொண்ட பிரிண்டரில் இந்தப் பட்டையையும் தாங்களே அச்சிட்டுக்கொள்கின்றன. இந்தியாவில் வங்கியே எண்ணை அச்சிட்டுத் தருகிறது. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் மென்பொருளின் தலைவலி தொடங்குகிறது. ரசீதுக்கும் விலைப்பட்டியலுக்கும் மென்பொருள் தானே எண் கொடுக்கிறது. ஆகவே அந்த எண் அதன் சொந்தப் பிள்ளை. காசோலை எண் வெளியிலிருந்து வந்தது. மென்பொருள் அதை உருவாக்குவதில்லை, காகிதத்தில் உள்ளதோடு பொருத்திப் பார்க்க மட்டுமே முடியும்.

டேலி போன்ற மென்பொருளில் வங்கிக் கணக்கின் பேரேட்டுக்குள் போய், புத்தகத்தின் தொடக்க எண், முடிவு எண், மொத்தத் தாள்கள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். 450101 முதல் 450200 வரை என்று கொடுத்துவிட்டால், அந்த நொடியிலேயே நூறு தாள்களும் மென்பொருளின் பார்வையில் உயிர் பெறுகின்றன. அதற்குமுன் பேரேடு அறிந்தது எழுதிய காசோலைகளை மட்டும். இப்போது எழுதாதவையும் தெரியும். ஒவ்வொரு தாளும் ஒரு சமயத்தில் ஒரு நிலையில்தான் இருக்க முடியும்: கையிருப்பில் உள்ளது, எழுதிக் கொடுத்தும் வங்கியில் பணமாகாதது, பணமாகிவிட்டது, ரத்தானது, தொகை எழுதாமல் வெற்றாகக் கொடுத்தது. டேலியின் செக் ரெஜிஸ்டரும் ஏறத்தாழ இப்படித்தான் பிரித்துக் காட்டுகிறது. கணினி அறிவியலில் இதை நிலைமாற்ற இயந்திரம் என்பார்கள். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதற்கு விதி உண்டு. கையிருப்பிலிருந்து எழுதியதற்குப் போகலாம். எழுதியதிலிருந்து பணமானதற்கோ ரத்துக்கோ போகலாம். பணமானது திரும்பி எங்கும் போகாது. இந்த விதிகளின் பலன் ஒரு எளிய கூட்டலில் தெரிகிறது. கையிருப்பு 38, பணமாகாதது 9, பணமானது 47, ரத்து 4, வெற்று 2, கூட்டினால் 100. எந்த நாளில் கூட்டினாலும் 100 வர வேண்டும். 99 வந்தால், எவ்வளவு பணம் போயிற்று என்று தெரியாமலேயே ஏதோ தவறு என்று சொல்லிவிடலாம். பேரேட்டால் இதைச் சொல்லவே முடியாது. பற்றும் வரவும் அங்கே கச்சிதமாகச் சமமாகவே இருக்கும்.

இதைச் சரியாகக் கட்டமைப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. காசோலை எண் ஆறு இலக்கம் மட்டுமே என்பதால் பத்து லட்சத்துக்குமேல் போக முடியாது. இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒரே எண் இரண்டு இடத்தில் வருவது இயல்பு. ஆகவே எண்ணை மட்டும் கொண்டு அடையாளம் காண்பது பிழை. வங்கிக் கணக்கும் எண்ணும் சேர்ந்துதான் அடையாளம். அந்த இணை மறுபடி வந்தால் மென்பொருள் ஏற்க மறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கணக்கர்கள் இரண்டு கணினிகளில் ஒரே சமயத்தில் அடுத்த தாள் என்று ஒரே எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, பார்வைக்கு அற்பமானது: 000123 என்பது எண் அல்ல, பெயர். அதை எண்ணாகச் சேமித்தால் முன்னுள்ள சுழியங்கள் உதிர்ந்து 123 ஆகிவிடும். வங்கி அனுப்பும் அறிக்கையில் 000123 என்று வரும்போது இரண்டும் பொருந்தாது. எக்செல் தாளில் வங்கி அறிக்கையைத் திறந்து மூடிய எவருக்கும் இந்தச் சுழிய மாயம் பழக்கம்.

இவற்றையெல்லாம்விடத் தொல்லை தருவது பிரிண்டர். மென்பொருள் அடுத்த எண் 450151 என்று எடுத்துக்கொண்டு அச்சிட அனுப்புகிறது. பிரிண்டர் அந்தத் தாளைக் கசக்கிவிடுகிறது, அல்லது இரண்டு தாள்களைச் சேர்த்து இழுத்துவிடுகிறது. கணக்கர் அடுத்த தாளை வைத்து மறுபடி அச்சிடுகிறார். காகிதத்தில் இருப்பது 450152. மென்பொருளில் இருப்பது 450151. அடுத்தடுத்த ஒவ்வொரு காசோலையும் ஓர் எண் தள்ளியே போகும். தொகை சரி, பெயர் சரி, பேரேடு சரி, கூட்டல் நூறுகூடச் சரி. மாத முடிவில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும்போதுதான், வங்கி 450152-க்கு 80,000 ரூபாய் கொடுத்திருக்க, நம் கணக்கில் அந்த எண்ணுக்கு 12,500 ரூபாய் நிற்பது தெரியும். அப்போதும் சிலர் தொகையைப் பார்த்துப் பொருத்திவிட்டு எண்ணை அலட்சியம் செய்வார்கள். அந்த அலட்சியத்துக்குள்தான் கசங்கிய 450151-ஆம் தாள் மறைந்துகொள்கிறது. அது குப்பைக்கூடையில் இருக்கலாம். யாரோ ஒருவரின் சட்டைப்பையிலும் இருக்கலாம். மென்பொருளின் பார்வையில் அது முறையாக எழுதப்பட்டு ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட தாள். ஆகவே அச்சான பிறகு, தாளில் உள்ள எண்ணை மனிதக் கண்ணால் பார்த்து உறுதி செய்தபின்பே பதிவை முடிக்கும் மென்பொருள், அச்சிட்டவுடன் தானே முடித்துவிடும் மென்பொருளைவிட மேலானது, ஒரு சொடுக்கு அதிகமானாலும்.

கெட்டுப்போன தாள்கள் இந்தியாவில் மிகுதியாகச் சேர்வதற்கு ஒரு விதிக் காரணமும் இருக்கிறது. காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் சி.டி.எஸ். முறை சென்னையில் 2011 செப்டம்பரில் வந்தது. காகிதம் காசோலையைப் பெற்ற வங்கியிலேயே தங்கிவிடும். முன்பக்கத்தின் இரண்டு படங்கள், பின்பக்கத்தின் ஒன்று, காந்தப் பட்டையின் தகவல் ஆகியவையே பயணிக்கும். படத்தை வைத்துத் திருத்தத்தின் உண்மையை ஆராய முடியாது என்பதால், இந்த முறையில் தேதியைத் தவிர வேறெதையும் அடித்துத் திருத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்தது. முன்பு பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது தாளையே ரத்து செய்து புதிய தாள் எடுக்க வேண்டும். இங்கேதான் ‘அழி’ என்ற சொல்லுக்கும் ‘ரத்து’ என்ற சொல்லுக்கும் உள்ள தூரம் முக்கியமாகிறது. தவறாகப் போட்ட பதிவை அழித்துவிட்டால் பேரேடு சுத்தமாகிவிடும், ஆனால் அந்த எண் மறுபடி கையிருப்புக்குப் போய்விடும், இல்லாத தாள் இருப்பதாகக் காட்டும். ரத்து என்பது வேறு: எண் நிற்கிறது, தொகை சுழியம், காரணம் பக்கத்தில். சாப் மென்பொருள் ரத்துக்கெனக் காரணக் குறியீடுகளை வைத்திருப்பதும், பயன்படுத்தாத தாளை ரத்து செய்வதையும் கொடுத்துவிட்ட காசோலையை ரத்து செய்வதையும் வெவ்வேறு வேலைகளாகப் பிரித்திருப்பதும் அதிகாரிகளின் பிடிவாதம் அல்ல. கையில் இருக்கும் தாளை ரத்து செய்தால் கிழித்தால் போதும். வெளியே போன தாளைத் திரையில் ரத்து செய்தால் ஒன்றும் நடக்காது. வங்கிக்குப் பணம் நிறுத்தச் சொல்லி எழுதும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது.

வெற்றுத் தாள் என்ற நிலை ஏன் தனியாக வேண்டும்? கையெழுத்துப் போட்டு, மற்றவை எழுதாமல் ‘செக்யூரிட்டி’ என்ற பெயரில் கொடுக்கும் காசோலைகள் நம் வணிகத்தில் சாதாரணம். கணக்கில் எதையும் எழுத முடியாததால் பேரேடு மௌனமாக இருக்கும். கொடுத்தவரும் நாளடைவில் மறந்துவிடுவார். சட்டம் மறப்பதில்லை. மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையாக இருந்தாலும், அது கடனைத் தீர்க்கக் கொடுத்தது என்ற சட்ட அனுமானம் பொருந்தும், அப்படியல்ல என்று நிரூபிக்கும் பாரம் கொடுத்தவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தாள் பணமின்றித் திரும்பினால் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வரும். நிறுவனம் என்றால் 141-ஆம் பிரிவின்படி அதன் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களும் வருவார்கள். இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பு பேரேட்டில் ஒரு வரிகூட இல்லாமல் வெளியே உலவுகிறது என்பதே, காசோலைப் பதிவேடு தனியாகத் தேவை என்பதற்கு என் பார்வையில் மிக வலுவான சான்று.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. திருடிய தாளில் போலிக் கையெழுத்துப் போட்டால் இழப்பு வங்கியுடையதுதானே, நிறுவனம் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்? சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் நடந்த வழக்கு இதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு. கணக்குகளைக் கவனித்துவந்த ஊழியரின் பொறுப்பில்தான் காசோலைப் புத்தகமும் இருந்தது. நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 காசோலைகள் வழியே மூன்று லட்சத்துக்கும் மேல் எடுத்திருந்தது 1961-ல் வெளிப்பட்டது. போலிக் கையெழுத்து வாடிக்கையாளரின் கட்டளையே அல்ல. பாஸ்புத்தகத்தைக் கவனமாகப் பார்க்கவில்லை என்பதற்காக மட்டும் வாடிக்கையாளர் உரிமையை இழப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் வென்றது. வென்ற ஆண்டு 1987. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து வாங்கும் நியாயத்தை எந்த நிதி மேலாளரும் திட்டத்தில் சேர்க்க மாட்டார். கணக்கு எழுதுபவர் ஒருவர், புத்தகத்தை வைத்திருப்பவர் ஒருவர், வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று பிரித்திருந்தால், நம் பதிவேட்டில் கையிருப்பு என்று நிற்கும் எண் வங்கி அறிக்கையில் பணமானதாக வருவதை இரண்டாவது காசோலையிலாவது பிடித்திருக்கலாம். 42 வரை போயிருக்காது.

இன்று ரிசர்வ் வங்கியின் பாசிட்டிவ் பே முறை இருக்கிறதே, அது போதாதா என்பது அடுத்த கேள்வி. 2021 ஜனவரி 1 முதல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றை எழுதியவர் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம். அருமையான காவல், ஆனால் காவலாளிக்குக் கொடுக்கும் பட்டியல் எங்கிருந்து போகிறது? நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து. பிரிண்டர் ஓர் எண் தள்ளிவிட்ட நிறுவனம், தன் நல்ல காசோலைகளைத் தானே திருப்பி அனுப்பச் சொல்லிவிடும். 49,000 ரூபாய்க்கு எழுதிய கள்ளக் காசோலைக்கோ இந்தக் காவலே இல்லை. கால அவகாசமும் குறைந்துவருகிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வு நாள் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. ஒரு நாளில் வரும் காசோலைக்குப் பணம் கொடுக்கும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். தாள் காணவில்லை என்று மறுநாள் காலையில் கண்டுபிடிப்பது இனிப் பல சமயம் தாமதம்.

காசோலையே சாகக் கிடக்கிறது, அதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு என்று கேட்பவர்களும் உண்டு. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன; தினசரிப் பட்டுவாடா அங்கே போய்விட்டது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னணு முறையில் ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் எண்ணை அமைப்பே உண்டாக்குகிறது, அதுவும் மாற்றம் நடக்கும்போதுதான். பயன்படுத்தாத நெஃப்ட் எண் என்று ஒன்று யாருடைய இழுப்பறையிலும் கிடப்பதில்லை. பணம் நகரும் முன்பே எண்ணோடு பிறந்து, நிறுவனத்தின் கையில் காத்திருப்பது காசோலை மட்டும்தான். தினம் பத்து எழுதிய இடத்தில் மாதம் இரண்டு எழுதினால், நூறு தாள் புத்தகம் பத்து நாளில் தீர்வதற்குப் பதில் நான்கு ஆண்டு கிடக்கும். புழக்கம் குறையக் குறையக் கவனமும் குறையும். கிடப்புத் தாள்களோ குறைவதில்லை. ஆபத்து எழுதும் தாளில் இருப்பதைவிடக் கிடக்கும் தாளில் அதிகம் என்றால், காசோலை அருகிவரும் காலத்தில்தான் இந்தப் பதிவேடு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அடிக்கட்டையும் ஒரு நோட்டும் போதாதா? ஒரு கணக்கு, ஒரு புத்தகம், ஒரு முதலாளி என்றால் போதும், மறுப்பதற்கில்லை. மூன்று கிளை, நான்கு வங்கி என்று ஆகும்போது நோட்டு பின்தங்கிவிடும். மென்பொருளுக்குச் சட்டத்தின் கட்டாயமும் துணை நிற்கிறது. நிறுவனக் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறிக்கும், அணைக்க முடியாத திருத்தச் சுவடு இருக்க வேண்டும் என்ற விதி, இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் இந்தச் சுவடும் பதிவானதன் மாற்றத்தைத்தான் சொல்லும். பதிவே ஆகாத தாளைப் பற்றி அதற்கும் பேச்சில்லை. பேரேடு, சுவடு, வங்கி அறிக்கை மூன்றுக்கும் தெரியாத இடத்தை எண் வரம்பு மட்டுமே தொடுகிறது. அதுவும் முழுமையாக அல்ல. திரையில் கையிருப்பு 38 என்றிருந்தால் இழுப்பறையில் 38 இருக்கிறதா என்பதை ஒரு மனிதர் எண்ணித்தான் சொல்ல வேண்டும். அதுவும் மேலிருந்து அல்ல. புத்தகத்தின் நடுவிலிருந்தோ கடைசியிலிருந்தோ ஒரு தாளை உருவினால் மேல்தாளின் எண் ஒழுங்காகவே இருக்கும். அனுபவமுள்ள தணிக்கையாளர் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவது அதனால்தான்.

இந்தக் கணக்கு எவ்வளவு பேரிடம் இருந்தது என்பதற்கு ஒரு தேர்வு 2020-ல் வந்தது. அந்த ஏப்ரல் 1-ல் பொதுத்துறை வங்கிகள் பல இணைந்தன. அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கிக்குள் வந்தது. பழைய பெயரும் பழைய குறியீடும் தாங்கிய அலகாபாத் வங்கிக் காசோலைகள் 2021 அக்டோபர் 1 முதல் செல்லாமல் போயின. ஒவ்வொரு நிறுவனமும் விடை சொல்ல வேண்டியிருந்த கேள்விகள் இரண்டு. கையில் எத்தனை தாள் மிச்சம்? ஏற்கெனவே கொடுத்து இன்னும் பணமாகாதவை யார் யாரிடம் இருக்கின்றன? இரண்டாவதற்கு விடை வங்கிச் சரிகட்டும் பட்டியலில் ஓரளவு கிடைக்கும். அந்தக் காசோலைகளைத் திரும்பப் பெற்றுப் புதியவை கொடுக்கலாம். 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைந்துவிட்டதால் அந்தப் பட்டியலும் நீளமாக இருக்காது. முதல் கேள்விக்கு, புத்தகம் வாங்கிய அன்றே எண் வரம்பைக் கொடுத்துவைத்தவர்களால் ஒரு சொடுக்கில் சொல்ல முடியும். மற்றவர்கள் இழுப்பறை இழுப்பறையாகத் தேட வேண்டும், தேடிக் கிடைத்தது முழுக் கணக்கா என்றும் தெரியாது. கிடைத்த தாள்களின் காந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ரத்து என்று போட்டு, காரணம் கேட்கும் கட்டத்தில் ‘வங்கி இணைப்பு’ என்று எழுதிய பிறகே அந்தப் பழைய வரம்பை மூடலாம்.